காத்திருந்தமைக்கு நன்றி

அன்று மதிய உணவு வேளைக்கு முன்பே தன்விகா நூற்றேழு முடிச்சுகளை அவிழ்த்து முடித்திருந்தாள். ஒன்றையொன்று மறித்து நிற்கும் இரண்டு எண்கள் திரையில் தோன்றும். இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்ட எண்ணுக்கு உரியவர் அதுவரை செய்துவைத்த வேலை முழுவதும் அழிந்துபோக, அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். தொடாத எண்ணுக்கு உரியவர் தம் காரியத்தை முடித்துக்கொண்டு போவார். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு திருமணம் இருக்கலாம், ஒரு பிரசவம் இருக்கலாம், ஒரு வீட்டுப் பத்திரம் இருக்கலாம். விடுவிப்பு அலுவலருக்குப் பெயர்களைக் காட்டக் கூடாது என்பது சட்டம். தன்விகாவும் கடந்த சில ஆண்டுகளாக எந்தப் பெயரையும் தெரிந்துகொள்ள விரும்பியதில்லை.

உயிரேடு வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் வியப்பு ஏதும் இல்லை. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் ஏடு. பிறப்பு, படிப்பு, நோய், நிலம், மணம், மறைவு எல்லாம் அந்த ஒன்றிலேயே அடங்கும். வேறெங்கும் எவரைப் பற்றியும் ஒரு வரிகூட வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஓர் ஏட்டில் ஒரு நேரத்தில் ஓர் அலுவலகம் மட்டுமே எழுதலாம். அது எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கவும் இயலாது. பாதி எழுதப்பட்ட ஏட்டை நம்பி ஒரு குழந்தைக்குத் தவறான மருந்தை ஏற்றிவிட்ட பிறகு வந்த கட்டுப்பாடு அது. ஆனால் படிக்க வந்த எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. அவர்கள் வரிசையில் நிற்கலாம், எத்தனை காலமானாலும்.

அப்படி ஓர் ஏட்டைப் பிடித்துவைப்பதற்குச் சட்டப் புத்தகத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வடகழி மண்டல அலுவலகத்தில் எல்லோரும் அதைத் ‘துண்டு போடுவது’ என்றே சொன்னார்கள். பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பவர்களைப் போல, பிற்பகலில் எழுத வேண்டிய ஏடுகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் எழுத்தர்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மாநிலத்தில் பாதிப்பேர் யாராகவும் இல்லாமல் காத்திருக்கிறார்கள் என்பது ஹரிஷ் சார் அடிக்கடி சொல்லும் வேடிக்கை.

ஹரிஷ் சாருக்கு அடுத்த மேசை. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அவர் தன்விகாவின் மேசை ஓரத்தில் வந்து நின்றார்.

“சாப்பிட்டாச்சாம்மா?”

“இன்னும் இல்லை சார்.”

“அப்போ சரி. கீழே ஒருத்தர் வந்திருக்கார். பதினோரு தடவை திருப்பி அனுப்பியிருக்கோமாம். பன்னிரண்டாவது தடவைக்கு முன்னாடி யாராவது ஒரு மனுஷன் மூஞ்சியைப் பார்க்கணும்னு நிக்கிறார். என் மூஞ்சியைக் காட்டினேன். திருப்திப்படலை.”

“நாம பொதுமக்களைப் பார்க்கக் கூடாதே சார்.”

“நாம அவரைப் பார்க்கக் கூடாது. அவர் நம்மளைப் பார்க்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. அனுப்பட்டுமா?”

தன்விகா மறுப்பதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஐஸ் தொழிற்சாலையின் நீலச் சட்டை அணிந்திருந்தார். பெயர் ஜோயல் என்றார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பதினோரு சீட்டுகளை எடுத்து, தேதிவாரியாக மேசைமேல் அடுக்கினார். அடுக்கும்போது மேசையின் மூலையில் இருந்த சிறு விளக்கில் அவர் விரல் பட்டது. அந்த விளக்கின்மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதில் ‘பழுது’ என்று ஹரிஷ் சாரின் கையெழுத்து. காகிதத்தின் வழியே மஞ்சள் வெளிச்சம் மங்கலாகக் கசிந்துகொண்டிருந்தது.

“எல்லாச் சீட்டுலயும் கடைசி வரியில ‘காத்திருந்தமைக்கு நன்றி’ன்னு போட்டிருக்கீங்க மேடம். மரியாதைக்கு ஒண்ணும் குறையில்லை.”

“அது தானா வர்றது.”

“தெரியுது மேடம். மனுஷன் போட்டிருந்தா பதினோராவது தடவை கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பான்.” சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. படகு விஷயம். ரெண்டு வருஷம் ஏழு மாசம் ஆச்சு. என் வீட்டுக்காரி ஷைனி அதுலதான் போனா.”

எந்தப் படகு என்று கேட்கத் தேவையில்லை. பழைய நெடுஞ்சாலையைக் கடல் விழுங்கிய பிறகு வடகழிக்கும் தென்கழிக்கும் இடையே ஓடிய படகுகளில் மூழ்கியது ஒன்றுதான். படகுத்துறை வாயிலில் பதிவான கைரேகைகள் பதினான்கு. கரைக்கு வந்ததாகப் பதிவானவர் எவரும் இல்லை.

“பதினாலு பேரையும் ஒண்ணா எழுதினாத்தான் செல்லுமாம்,” என்றார் ஜோயல். “ஒரே படகுல பாதிப்பேர் செத்துட்டாங்க, மீதிப்பேர் என்னன்னு தெரியலைன்னு எழுதக் கூடாதாம். சரி, ஒண்ணாவே எழுதுங்கன்னுதான் நாங்களும் சொல்றோம். விசாரணை அலுவலகம் எழுத ஆரம்பிக்குது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துருது. ஏன் மேடம்? அதை மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்.”

தன்விகா எதிரில் இருந்த இரண்டு பேனாக்களை எடுத்து ஒன்றை அவர் பக்கமும் மற்றொன்றைத் தன் பக்கமும் வைத்தாள். பயிற்சி வகுப்பில் புதியவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

“விசாரணை அலுவலகம் பதினாலு ஏட்டையும் ஒவ்வொண்ணா பிடிக்கும். பதிமூணு கிடைச்சிடுது. பதினாலாவது ஏட்டுமேல ஏற்கெனவே யாரோ துண்டு போட்டிருக்காங்க. அவங்க ஒரு மறைவுப் பதிவைத் தொடங்கியிருக்காங்க. அதை முடிக்க விபத்துக் கோப்பு வேணும். அந்தக் கோப்பு விசாரணை அலுவலகத்தோட பிடியில இருக்கு. இவங்ககிட்ட இருக்கிறது அவங்களுக்கு வேணும், அவங்ககிட்ட இருக்கிறது இவங்களுக்கு வேணும். கையில இருக்கிறதை ரெண்டு பேரும் விட மாட்டாங்க.”

“யாராவது ஒருத்தர் விட்டுத்தானே ஆகணும்?”

“ஆமா. பின்னாடி வந்தவங்க விடணும். அதுதான் விதி.”

“நாங்க பதினோரு தடவை வந்திருக்கோமே. நாங்க எப்படி மேடம் பின்னாடி வந்தவங்க?”

“திரும்பிப் போகும்போது உங்க பழைய நேரம் அழிஞ்சிடும். அடுத்த தடவை வரும்போது புதுசா வந்ததாத்தான் பதிவாகும்.”

ஜோயல் இரண்டு பேனாக்களையும் சிறிது நேரம் பார்த்தார். “அப்போ நான் எத்தனை தடவை வந்தாலும் இப்பத்தான் வந்தவன். அந்த ஆள் ஒரே தடவை வந்துட்டு எழுந்திருக்காமலே உட்கார்ந்திருக்கார்.”

“ஆமா.”

“கெட்டிக்காரர். யாரு மேடம் அவர்?”

“எங்களுக்குப் பெயர் காட்ட மாட்டாங்க.”

அது பொய் இல்லை. ஜோயல் சீட்டுகளில் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். எதிரில் இருந்த ஏட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் அதில் அச்சாகியிருந்தன: 4417. அடுத்த சீட்டிலும் 4417. பதினொன்றிலும் அதுவே. தன்விகா குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

“என் பொண்ணு மெர்லின். பதினோரு வயசு,” என்றார் ஜோயல், சீட்டுகளை மறுபடி உறைக்குள் வைத்தபடி. “முதுகெலும்பு வளைஞ்சுகிட்டே போகுது. விலா எலும்பு நுரையீரலை அழுத்துதாம். வர்ற செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. இது தவறினா அந்த டாக்டர் திரும்பி வர எட்டு மாசம் ஆகும், அதுக்குள்ள நிலைமை கைமீறிடும்ங்கிறாங்க. பெத்தவங்க ரெண்டு பேர் கைரேகையும் வேணும். ஷைனி ஏட்டுல உயிரோட இருக்கா. அவ ரேகைக்கு எங்கே மேடம் போக? கோர்ட்டுக்குப் போனா அவங்களும் ஏட்டைத்தான் கேட்கிறாங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பன்னிரண்டாவது தடவை எழுதப் போறாங்களாம்.”

“வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்,” என்றாள் தன்விகா.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் பேனாக்களை எடுத்து அவற்றின் இடத்தில் வைத்துவிட்டு நூற்றெட்டாவது முடிச்சைத் திறந்தாள்.

அவள் மேசையில் மூன்று திரைகள் இருந்தன. இரண்டில் வேலை நடக்கும். மூன்றாவது சுவர்ப் பக்கம் சற்றே திரும்பியிருக்கும். அதில் இரண்டு வருடம் ஏழு மாதமாக ஒரே பக்கம் திறந்திருந்தது. ஏட்டு எண்ணின் இறுதியில் 4417. பதிவின் வகை: மறைவு. நிலை என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தைத் தொட்டால் மூன்று சொற்கள் விரியும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் அதைத் தொட்டதே இல்லை.

படகு மூழ்கியது ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். பணிமுறைப்படி அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். அவள் கணவர் கவின் மிக்ஸி ஜாரின் அடிப்பகுதியை மாற்றிக்கொண்டு வருவதற்காகத் தென்கழிக்குப் படகேறியிருந்தார். ஜாரைப் பையில் போடும்போது, “திரும்பி வர்றப்போ தேங்காய்ச் சட்னிக்கு வழி பிறந்திடும்” என்றார். மூன்று பத்துக்குப் படகு மூழ்கியது. மூன்று நாற்பதுக்கு அவளுக்குத் தகவல் வந்தது. மூன்று நாற்பத்திரண்டுக்கு அவள் விரல்கள், தினமும் செய்து பழகிய வேலையை, அவளைக் கேட்காமலே செய்தன. கவினின் எண்ணை அடித்து அதன்மேல் துண்டு போட்டாள். சாதாரணத் துண்டு ஒரு மணி நேரத்தில் தானாக நழுவிவிடும். மறைவுப் பதிவுக்குப் போடும் துண்டு மட்டும் போட்டவர் எடுக்கும்வரை நழுவாது. அதனால் அதையே போட்டாள். அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து அல்ல. வேறு எவரும் அவரைப் பற்றி எதையும் எழுதிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம். பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் கரைக்கு ஓடினாள்.

மேசையை விட்டு எழுந்தால் துண்டை எடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது விடுவிப்பு அலுவலர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி. பயிற்சி வகுப்பில் அதைக் கற்பித்தவளே அவள்தான்.

ஒன்பது நாட்கள் கரையில் இருந்தாள். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும் வழக்கம் உயிரேடு வந்ததோடு ஒழிந்துபோயிருந்தது. மறுகரைக்குப் போய் மருத்துவமனைகளில் பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோது, ஓர் அதிகாரி மிகவும் தன்மையாகப் பதில் சொன்னார்: “அம்மா, அது வேற மாவட்டம். ஆனா நாங்க எல்லா இடத்திலும் கேட்டுட்டோம். அவர் ஏட்டுக்கு உரியவர்னு யாரும் எங்கயும் வரலை. விரல் வெச்சா ஏடு சொல்லிடும். நீங்க அலைய வேண்டாம்.” அவள் அலையவில்லை.

திரும்பி வந்தபோது மேசை விளக்கின்மேல் ஹரிஷ் சார் காகிதம் ஒட்டியிருந்தார். “திங்கட்கிழமை வந்து பார்த்தா எரிஞ்சுட்டிருக்கு, அணையவே மாட்டேங்குதும்மா. பல்பு கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்,” என்றார். தன் துண்டு இன்னும் இருப்பதைத்தான் விளக்கு காட்டுகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். துண்டு போட்டவருக்குப் பின்னால் நிற்கும் வரிசை தெரியாது. வரிசையைப் பார்த்துப் பதறி அவசரத்தில் பிழையாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை அவள் முடிக்கவில்லை. எடுத்துவிடவும் இல்லை. கவின் இருக்கிறார் என்றும் ஆகாமல், இல்லை என்றும் ஆகாமல் அந்தத் திரையில் இருந்தார். சில மாதங்கள் கழித்து 4417 ஒரு முடிச்சாக அவள் முன்னால் வந்தது. எதிரில் விசாரணை அலுவலகத்தின் எண். பின்னால் வந்தவர் விட வேண்டும் என்பது விதி. அவள் விசாரணை அலுவலகத்தின் எண்ணைத் தொட்டாள். அடுத்த முறையும் அதையே. விதியும் அவள் விருப்பமும் ஒரே பக்கம் இருந்தபடியால் அவளை எவரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் தன்னை எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற பதின்மூன்று வீடுகளும் சேர்ந்து அவளுக்கு ஓர் எண்ணாகத்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை மாலை அலுவலகத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஜோயலைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சிறுமி, கழுத்திலிருந்து இடுப்புவரை இறுக்கிய பட்டைக்குள் மிக நேராக உட்கார்ந்திருந்தாள். தன்விகா வேறு பக்கம் திரும்பிக்கொள்வதற்குள் ஜோயல் எழுந்துவிட்டார்.

“மெர்லின், வணக்கம் சொல்லு. இவங்கதான் அந்த மேடம்.”

“வணக்கம் ஆன்ட்டி. எழுந்திருக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க. எழுந்தா மறுபடி உட்கார அப்பா வேணும்.” அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மூச்சு வாங்கினாள். “எங்க அம்மா இல்லைன்னு நீங்க எழுதினா எனக்கு முதுகு நேராயிடுமாமே?”

“மெர்லின்!” என்றார் ஜோயல்.

“அப்பாதான் சொன்னாரு ஆன்ட்டி, இப்ப அதட்டறாரு.”

“உனக்கு அப்படி எழுதறதுல வருத்தம் இல்லையா?” என்று கேட்டுவிட்டாள் தன்விகா. ஏன் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை.

சிறுமி யோசித்தாள். “எழுதினாலும் எழுதாட்டியும் அம்மா இல்லைதானே ஆன்ட்டி. எனக்குத் தெரியும். உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியலை.”

பேருந்து வந்தது. ஜோயல் மகளின் இரண்டு கைகளுக்கும் அடியில் பிடித்து, ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்குவதுபோல அவளை ஏற்றினார்.

மறுநாள் காலை தேநீர் கொண்டுவந்து வைத்த ஹரிஷ் சார் உடனே போகவில்லை.

“பழைய திரையை எல்லாம் மாத்தப் போறாங்களாம். மூணாவது திரை உனக்கு வேணுமா, எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க.”

“வேணும் சார்.”

“யாருக்கும்மா அதுல இடம் பிடிச்சு வெச்சிருக்கே?”

அவள் அந்தத் திரையைச் சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

“பதினாறு வருஷமாப் பக்கத்து மேசையில இருக்கேன். சாப்பிடப் போறப்போ எல்லாத் திரையையும் அணைச்சுட்டுப் போவே, அதை மட்டும் சுவத்துப் பக்கம் திருப்பி வைப்பே. எனக்குக் கண்ணாடி பவர்தான் ஜாஸ்தி, கண்ணு தெரியாம இல்லை.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் எதுவும் கேட்கலை. நாலு மாசத்துல வீட்டுக்குப் போறவன். டீ ஆறிடும், குடி.”

பதினொன்று ஏழுக்கு முடிச்சு வந்தது. இரண்டு எண்கள். அவளுடைய ஆள்காட்டி விரல் பழக்கத்தால் விசாரணை அலுவலகத்தின் எண்ணுக்கு மேலே போய் நின்றது. தொட்டால் ஒரு சீட்டு அச்சாகும். அதன் கடைசி வரியில் நன்றி இருக்கும். செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ ஒரு குழந்தைக்கு அந்த ஆபரேஷன் மேசை போய்விடும். விதியை மீறியதாகவும் ஆகாது.

அவள் நாற்காலியைத் திருப்பி மூன்றாவது திரையின் முன்னால் உட்கார்ந்தாள். காலிக் கட்டத்தை இப்போதும் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த ‘விலகு’ என்பதைத் தொட்டாள். *இதுவரை எழுதியவை அழியும், சம்மதமா?* என்று கேட்டது. இதுவரை எழுதியது எதுவும் இல்லை. சம்மதம் என்றாள். மற்ற முடிச்சுகளைவிட இதற்குக் குறைந்த நேரமே ஆயிற்று.

ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. விசாரணை அலுவலகம் உடனே எழுதிவிடும் என்று நினைத்தாள். அதுவும் ஆகவில்லை. முதல் திரையில் ஒரு வரி வந்தது:

*விசாரணை அலுவலகத்துக்கு முன்னால் நாற்பத்தொரு கோரிக்கைகள் காத்திருக்கின்றன.*

வரிசையில் நிற்பவர்களை அவள் மறந்தே போயிருந்தாள். முதலில் வந்தவர்களுக்கு முதலில். துண்டு விலகியதால் வரிசை இப்போது மூன்றாவது திரையில் அவளுக்குத் தெரிந்தது. ஒரு நூலகம். வாக்காளர் பட்டியல். பல் மருத்துவரின் நினைவூட்டல்கள், ஆறு மாதத்துக்கு ஒன்றாக ஐந்து. எல்லாம் கடகடவென்று நகர்ந்து முடிந்தன. அவள் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டு போனாள். வரிசையின் தலையில் நின்றவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன.

தென்கழி ஆரம்ப சுகாதார நிலையம். சனிக்கிழமை, மாலை 5.52. விரல்ரேகை வழியாக. நோக்கம்: படிக்க. கேட்பது: பெயர், இரத்த வகை. குறிப்பு: மூச்சு இருக்கு. சீக்கிரம்.

5.58. அவசரம். துண்டு போட்ட மேசைக்கு மணி அனுப்பப்பட்டது. எடுக்கவில்லை.

6.10. அவசரம். மணி அனுப்பப்பட்டது. எடுக்கவில்லை.

6.31. அவசரம். மணி அனுப்பப்பட்டது. எடுக்கவில்லை.

7.15. அவசரம். மணி அனுப்பப்பட்டது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த நிலையம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தன்விகா அந்த வரிகளை அலுவலகக் கோப்பைப் படிப்பதுபோல மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவள் இந்தக் கரையில் நின்றிருந்தாள். சில மைல் தண்ணீருக்கு அப்பால் எவரோ கவினின் விரலை எடுத்துக் கண்ணாடியில் வைத்திருக்கிறார்கள். ஏடு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, காத்திருக்கவும் என்று அந்தக் கண்ணாடி சொல்லியிருக்கிறது. பெயரையும் சொல்லவில்லை, எண்ணையும் சொல்லவில்லை. காலியான இந்த அறையில் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது; எடுக்காத அந்த மணிக்காக விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அவள் விளக்கின்மேல் இருந்த காகிதத்தை நகத்தால் உரித்தாள். விளக்கு அணைந்திருந்தது.

முதல் திரையில் பதினான்கு எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கீழே ஏதோ சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் ஹரிஷ் சார் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“போயிடுச்சும்மா, பதினாலும்! கீழே அந்த மனுஷன் அழறார். பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து உட்கார வெச்சிருக்கேன். உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணுமாம்.” அவர் சுவர்ப் பக்கத் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். “அப்புறம் வரச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுத் தம் மேசைக்குப் போகாமல் மறுபடி கீழேயே இறங்கினார்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. இந்த முறை அவள் எடுத்தாள்.

“வணக்கம் மேடம், வடகழி விடுவிப்புப் பிரிவுங்களா? தென்கழி ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து சிஸ்டர் பேசறேன்.” இளம் குரல். பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “இப்ப எங்க திரையில ஒரு பதில் வந்து நிக்குதுங்க. கவின்னு ஒரு பேர். பி நெகட்டிவ்னு இரத்த வகை. நாங்க யாருக்கும் கேட்கலையே?”

“கேட்டிருக்கீங்க.”

“எப்பங்க?”

தன்விகா தேதியைச் சொன்னாள்.

“ஐயோ, அது நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிங்க. அப்ப இருந்த சிஸ்டர் மாத்தலாகிப் போயிட்டாங்க. பி நெகட்டிவ்னா கிடைக்கிறதே கஷ்டமாச்சே. அவரு இப்ப எப்படி இருக்காருங்க மேடம்?”

கேள்வி மிகவும் இயல்பாக, உண்மையான அக்கறையோடு கேட்கப்பட்டது. தன்விகா முதல் திரையைப் பார்த்தாள். அங்கே அடுத்த முடிச்சு வந்து நின்றது. இரண்டு எண்கள்.

“உங்க திரையில வேற என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

“நீங்க அனுப்பினதுதாங்க. பேரு, இரத்த வகை. அதுக்குக் கீழே ‘காத்திருந்தமைக்கு நன்றி’ன்னு இருக்கு. அவ்வளவுதான்.” குழந்தையின் அழுகை நெருங்கி வந்தது. “மேடம், நான் இதை மூடிடட்டுங்களா? மூடலைன்னா அடுத்த ஆளுக்குத் திரை திறக்க மாட்டேங்குது. இங்க ஒரு அம்மா குழந்தையோட நிக்கிறாங்க.”

தன்விகாவின் வாய் திறந்தது. சரி என்ற ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள். “கொஞ்சம் காத்திருங்க.”